தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

வசந்தாமணி இடுப்பில் குழந்தையோடு மத்தியான பஸ்ஸைவிட்டு இறங்கி, நாச்சிமுத்து பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வர, மில் வீதி முழுக்க வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்த அன்றைக்குத்தான் அவர்கள் தோட்டத்துக் கிணறு உப்பாகிப்போனது. ஆரத்தி எடுத்து முடித்துவிட்டுக் கை கழுவ ஒரு வாளி சேந்திய நாச்சிமுத்துவின் அக்கா மயிலாத்தாள், அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்து உடனே துப்பி, "ஏன்டா தம்பி, கெணறு கரிக்குதே" என்றாள். நாச்சிமுத்து குடித்துப் பார்த்தான், கரித்தது. சாயங்காலம் தண்ணீர் நாலைந்து படிக்கட்டு ஏறியிருந்தது, நடுச்சாமத்தில் இறங்கியிருந்தது, பொழுது விடிகையில் மறுபடி ஏறியது. எங்கள் நத்தக்காட்டுவலசு காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கிறது, கடல் பார்க்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு பகல் போக வேண்டும். அப்படியிருந்தும் கடல் வந்துவிட்டது. அது எங்கள் யாரையும் தேடி வரவில்லை, அந்தக் குழந்தையைத் தேடித்தான் வந்தது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஒருநாள் நாச்சிமுத்துதான், களத்தில் காய்கிற மஞ்சளைக் கிளறிக்கொண்டே, "நம்ம வீட்டுலயேதான் பொறக்கோணுமா வசந்தி? எங்கியோ பொறந்தது நம்ம வீட்டுக்கு வரப்படாதா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு விண்ணப்பம், விசாரணை, கோர்ட்டு என்று நடையாய் நடந்து, கடலோரத்து நகரம் ஒன்றில் இருந்த பிள்ளைகள் இல்லத்திலிருந்து ஒரு வயதுகூட நிரம்பாத பெண்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். கிழிந்த மீன்வலைத் துண்டில் சுற்றி யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன பிள்ளை என்பதற்குமேல் அந்த இல்லத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, வசந்தாமணியும் கேட்கவில்லை. தாரணி என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிறக்கிற பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை முறத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடுவார்கள், பிறகு ஒரு வள்ளம் தவிட்டை அளந்து கொடுத்து அந்தப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டுக்கு வாங்கிய பண்டம்தானே என்று எமன்கூட அலட்சியமாகத் தாண்டிப் போய்விடுவான் என்று நம்பிக்கை. வழக்கம் போய்விட்டது, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ரைஸ் மில், ஆகவே பேச்சுக்கும் பஞ்சமில்லை. அடம் பிடிக்கிற பிள்ளையை, சோறு திங்காத பிள்ளையை, அம்மா சாயல் இல்லாத பிள்ளையை, சும்மா நிற்கிற பிள்ளையைக்கூட "உன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று சொல்லி அழவைத்து, பிறகு தூக்கி வைத்துக் கொஞ்சாத வீடு இங்கே ஒன்றுகூட இல்லை.

"எடுத்து வளக்கற புள்ளைக்குந் தவிடு கொடுத்துத்தான் வாங்கோணும் வசந்தி" என்று மயிலாத்தாள் அன்றைக்கே சொன்னாள். "பெத்தவ யாருன்னு தெரியலீன்னா அந்த ஊரு மண்ணுலயாவது கொட்டீட்டு வந்துரோணும். அப்பத்தான் புள்ளை உன்னுது."

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க நங்கையா. என்ற புள்ளை காதுல அந்த வார்த்தை விழுகப்படாது" என்று நாத்தனாரிடம் சொன்னாள் வசந்தாமணி.

சொன்னதோடு நிற்கவில்லை. குழந்தை தொட்டிலில் தூங்குகிற நேரம் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கி, இந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு என்ன செய்ய, எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபம், ஒரு ரைஸ் மில் ஊரில் தவிடு என்ற சொல்லைச் சொல்லாமல் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போகப் போகத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை வீதியில் நடந்தால் லோடு ஏற்றுகிறவர்கள் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்வார்கள், மாட்டுக்கு வாங்க வந்தவர்கள் "அது ஒரு மூட்டை போடுங்க" என்று கண்ணைக் காட்டுவார்கள், மில் வாசலில் தவிடு கிடைக்கும் என்று எழுதித் தொங்கவிட்ட பலகையை அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டு அப்புறம் நிமிர்த்தி வைப்பார்கள்.

கிணற்றுக்கும் இப்படித்தான் பழகிக்கொண்டோம். குடிநீர் ஆபீசிலிருந்து ஆள் வந்து பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்து, தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக முடியாதவர்கள் நாச்சிமுத்துவின் கிணற்றில் முங்கி எழுந்தார்கள். மாங்காய் ஊறப்போட, மோர்மிளகாய் போட, தொண்டைக் கட்டுக்குக் கொப்பளிக்க என்று பெண்கள் குடத்தோடு வந்தார்கள், விரல் நீளத்தில் ஒன்றிரண்டு வெள்ளி மீன் வாளியில் ஏறி வந்ததிலிருந்து வீதிப் பூனைகள் முழுக்க அந்தத் தோட்டத்திலேயே குடியிருந்தன. ஏற்றத்துக்கு முன்னால் வந்துவிடு, வற்றம் ஆனதும் கிளம்பலாம் என்று கலியாணப் பேச்சுக்குக்கூட நாங்கள் கிணற்றைப் பார்த்து நேரம் சொல்லத் தொடங்கினோம், அது தினமும் கொஞ்சம் தள்ளிப் போகும் என்பதால் எல்லோருமே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஊருக்கு லாபம், அவர்களுக்குத்தான் நஷ்டம். மோட்டார் போட்டுப் பாய்ச்சிய முதல் தண்ணீரிலேயே மஞ்சள் கருகியது, வாழை சாய்ந்தது, அடுத்த கோடையில் தோட்டம் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, பிள்ளையை அந்த இல்லத்திலேயே திருப்பி விட்டுவிட்டால் கிணறு பழையபடி ஆகிவிடும் என்று பதமாகச் சொன்னார்கள். வசந்தாமணி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் தலைகூட நிமிரவில்லை. "கெணறு கெடக்குது கெணறு" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சொந்தத் தோட்டத்தில் ஆளை வைத்து வேலை வாங்கிய நாச்சிமுத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கப் போனான், வசந்தாமணி வீதிக் கடைசியில் இருக்கும் குழாயிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக நல்ல தண்ணீர் சுமந்தாள், வருஷக்கணக்காகச் சுமந்ததில் அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது.

அதையெல்லாம் அவள் கஷ்டம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பிள்ளை காய்ச்சலில் படுத்தால் இவளும் சாப்பிட மாட்டாள், பிள்ளை சிரித்தால் வீதிக்கே கேட்கிற மாதிரி இவளும் சிரிப்பாள், மில்லிலிருந்து வருகிற நாச்சிமுத்துவின் தோளில் ஒட்டிய உமியை அந்தப் பிள்ளை ஊதி ஊதி விளையாடுவதை வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே பயம். ஏற்றம் வருகிற நேரம் கிணற்றுக்குள் அலை மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்துக்குத் தாரணி விளையாட்டை விட்டுவிட்டுப் போய்க் கிணற்று மேட்டில் நின்றுவிடுவாள். யாரோ வந்து வாசலில் நின்று பெயர் தெரியாமல் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் வசந்தாமணிக்கு. என்றைக்காவது ஒருநாள் இந்தப் பிள்ளை அந்தக் குரலுக்குப் பின்னால் போய்விடும், போனால் வராது என்று அவள் நெஞ்சில் விழுந்தது விழுந்ததுதான்.

நாலாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, கோகிலாவ ரெண்டு படித் தவிட்டுக்கு வாங்குனாங்களாமா. மௌலிய ஓட்டைப் படில அளந்து ஏமாத்தி வாங்கீட்டாங்களாமா. எங்க கிளாசுல எல்லாத்தையுமே தவிட்டுக்குத்தான் வாங்குனாங்களாம். என்னைய மட்டும் ஏம்மா யாருமே அப்படிச் சொல்லறதில்ல?"

வசந்தாமணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. "நீ என்ற வயித்துல பொறந்தவ சாமி. அதான்."

"அப்ப அவங்கெல்லாம்?"

வசந்தாமணி அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். "செரிம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி அது கேட்டதே இல்லை. ஊரே கூடிக் காப்பாற்றிய ரகசியத்தை ஊரே கூடித்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

கடல் பக்கம் மட்டும் அவளைக் கூட்டிப்போனதில்லை. பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரி டூர் போட்டால் வசந்தாமணிக்கு அன்று பார்த்து நெஞ்சுவலி வரும், கடலோரத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் நாச்சிமுத்து மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவான். தாரணியும் ஆசை காட்டியதில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டபோதுதான், தன்னைத் தூக்கி வந்த அந்த நகரத்துக் காலேஜின் பெயரைச் சொன்னாள். அந்த நகரத்தின் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்ததே கிடையாது.

"வேற ஊருல காலேஜே இல்லீங்களா?" என்று வசந்தாமணி புருஷனிடம் கேட்டாள்.

"இருக்குது. அவ அதத்தான் கேக்கறா."

"போனா வருவாளாங்க?"

நாச்சிமுத்து கிணற்றுப் பக்கம் பார்த்தான். "அது இத்தனை வருசமா தினமும் ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போகுது வசந்தி. நாமதான் பதில் சொல்லாம இருக்கறோம். அவ போயிப் பாத்துட்டு வரட்டும்" என்றான்.

தாரணி பஸ் ஏறிய அன்று கிணறு அவளோடேயே போய்விட்டது. காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்த தண்ணீர் ஏறவில்லை, மறுநாள் பக்கத்துக் கிணறுகள் இருக்கிற மட்டத்தில் அடங்கி, அசையாமல் கிடந்தது. மயிலாத்தாள் சேந்திக் குடித்துவிட்டு, "கல்கண்டாட்ட இருக்குதே" என்றாள். வீதியே குடத்தோடு ஓடியது. பூனைகள் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறிடம் போய்விட்டன. அந்த வருஷத்து மழை தோட்டத்து உப்பைக் கழுவிக்கொண்டு போக, எல்லோரும் சேர்ந்து நாச்சிமுத்துவை விரட்டிப் புது மோட்டார் போடவைத்து, விதைமஞ்சள் வாங்கி வந்து நட்டோம். உனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சொன்னோம். அவனும் ஆமாம் என்றுதான் சொன்னான்.

வசந்தாமணி அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வீதிக் கடைசிக் குழாய்க்கே நடந்தாள். பிறகு ஒருநாள் கடையில் கல்லுப்பு மூட்டை ஒன்றை வாங்கி உருட்டிக்கொண்டு வந்து, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கைகையாக அள்ளிப் போட்டாள். பைத்தியமா என்று யாரும் கேட்கவில்லை. முதலில் எதிர்வீட்டுக்காரி ஒரு கைப்பிடி உப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்து போட்டாள், அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் மில் ஆட்கள், சாயங்காலத்துக்குள் எங்கள் வீதியில் குழம்புக்குப் போட உப்பு இல்லாமல் போய்விட்டது. கிணறு இனித்துக்கொண்டேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் தாரணி பேசுவாள். பேசுகிற குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்.

"அங்க என்ன கண்ணு இரைச்சல்?"

"அலைம்மா. ஹாஸ்டல் மாடில நின்னாக் கேக்கும். நம்ம கெணறாட்டவேதான்."

"தீவாளிக்கு வாரயா?"

"டூட்டி போட்டிருக்காங்கம்மா."

பொங்கலுக்கும் அவள் வரவில்லை. கரும்பு ஒன்றை அவளுக்கென்று ஓரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள், அது காய்ந்து சுருங்கி மாட்டுக்குப் போனது. வசந்தாமணி சரியாகச் சாப்பிடுவதை விட்டாள், கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து, அசையாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாசி பிறந்த சமயம் ஒருநாள், அங்கே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக மில்லுக்கு நடந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளையும்வரை மில் வேலையை விடாமலிருந்த நாச்சிமுத்து அவித்த நெல்லை வாரிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, எனக்கு ஒரு மூட்டை தவிடு வேணும்" என்றாள், மிஷின் சத்தத்துக்கு மேலே எல்லோர் காதிலும் விழும்படி.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றார்கள், யாரோ மிஷினை நிறுத்தினார்கள். நாச்சிமுத்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு குனிந்து, உமி கலக்காத புதுத்தவிட்டைத் தன் கையாலேயே ஒரு மூட்டை அள்ளி, வாயைத் தைத்துத் தோளில் தூக்கிக்கொண்டான். மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டே, மாட்டுத் தீவனத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் எங்கேம்மா என்று கேட்டதற்கு, "புள்ளை வாங்கப் போறமுங்க" என்று வசந்தாமணி சொன்னாளாம்.

கடலை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தாள். இல்லத்துக்கு வந்தபோதுகூட அந்தப் பக்கம் திரும்பாமல் போயிருந்தாள். இத்தனை பெரிதாக இருப்பது தங்கள் கிணற்றுக்குள் எப்படி வந்து போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெரிய மனுஷர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து போன் போட்டுச் சொன்னதும் தாரணி ஆஸ்பத்திரி உடுப்போடேயே மணலில் ஓடி வந்தாள். அப்பாவின் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"ஏன் கண்ணு வீட்டுக்கு வரல?" என்று கேட்டாள் வசந்தாமணி. கடல் பக்கம் கண்ணைக் காட்டி, "இவங்க விட மாட்டீங்கறாங்களா?" என்றாள்.

"இல்லம்மா." தாரணி மணலைப் பார்த்தாள். "நான் வந்தா கெணறு மறுபடியும் உப்பாயிரும். அப்பா மஞ்சள் வெச்சிருக்காருன்னு அத்தை போன்ல சொன்னாங்க. நல்லா வந்திருக்குதுன்னாங்க. நான் வராம இருந்தா, நீங்க ரெண்டு பேரும் இனியாவது..."

கடல் பிடித்து வைத்திருக்கிறது என்று வசந்தாமணி அங்கே சாகக் கிடக்க, இந்தப் பிள்ளை இங்கே தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கெணறு கெடக்குது கெணறு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

நாச்சிமுத்து மூட்டையை இறக்கித் தையலைப் பிரித்தான். வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்து முழங்கால் தண்ணீர்வரை கூட்டிப்போனாள். "நீ நாலாவது படிக்கையில ஒண்ணு கேட்டியே சாமி, நான் பொய் சொல்லீட்டேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்க. உன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்."

தாரணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எத்தனை படிம்மா?"

"படியா? மூட்டை. நம்மூருல யாருக்கும் இத்தனை கொடுத்ததில்ல."

மூன்று பேரும் அள்ளி அள்ளிப் போட்டார்கள். அலை வந்து வந்து வாங்கிக்கொண்டு போனது, சின்ன மீன்கள் கும்பலாகக் கரையோரம் வந்து தின்றன. மூட்டை காலியானதும் வசந்தாமணி கடலைப் பார்த்துக் கும்பிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற மரியாதையோடு, "நல்லாத்தான் வளத்தியிருக்கறமுங்க. நீங்களே பாத்துக்குங்க" என்றாள்.

படிப்பு முடிய இன்னும் வருஷங்கள் இருந்ததால் தாரணி அங்கேயே இருந்தாள், ஆனால் அடுத்த லீவுக்கு வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி மில் வீதியில் நுழைந்ததும் முதல் மில்லிலிருந்த ஆள் அவளைக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, உன்னையத் தவிட்டுக்குத்தானே வாங்குனாங்க?" என்றான். பலகாலமாகத் தொண்டையில் வைத்திருந்த பேச்சு, வீதியில் ஒருவர் விடவில்லை, கிழடுகட்டைகள் முதல் நாலாம் வகுப்பில் கூடப் படித்த கோகிலாவரை ஆளாளுக்குச் சொன்னார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் தாரணிக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றுவலி வந்துவிட்டது. கிணறு ஏறியிருந்தது. தண்ணீர் பழையபடி கரிக்கவும் இல்லை, கல்கண்டாகவும் இல்லை, நாக்கு நுனியில் லேசாக உப்புத் தட்டியது. மஞ்சளுக்கு அது ஆகாது, தென்னைக்கு ஆகும். நாச்சிமுத்து மஞ்சளைப் பிடுங்கியதும் தென்னம்பிள்ளை வைத்தான். வசந்தாமணி மகள் சேந்திக் கொடுத்த செம்பை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுக்கக் குடித்தாள்.

இப்போது தாரணிக்கு அங்கேயே வேலை. வருவாள், நாலு நாள் இருப்பாள், போவாள். அவள் அங்கே பஸ் ஏறும்போதே இங்கே கிணறு ஏறத் தொடங்கிவிடும், போகும்போது அவளோடேயே இறங்கிப் போய்விடும். வசந்தாமணி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய்க் கிணற்றில் எட்டிப் பார்க்கிறாள். ஏறியிருந்தால் உலையில் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போடுவாள். ஏறாத நாளிலும் சில சமயம் போட்டுவிடுகிறாள்.